மும்பையின் ஊடகங்களும் தமிழரும்

மும்பையில் ஒவ்வொரு நாளும் மராத்தி, ஆங்கிலம், இந்தி, குஜராத்தி, உருது, தமிழ், மலையாளம், கன்னடம் என எட்டு மொழிகளிலாவது நாளிதழ்கள் விற்பனைக்கு வருகின்றன. இந்தியாவின் பெரிய நகரங்களில் இத்தனை மொழிகள் ஒரே நடைபாதைக் கடையில் அடுக்கப்படுவது அரிது. 2011 கணக்கெடுப்பின்படி பெருநகர மும்பையின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம். மகாராஷ்டிரம் முழுவதும் தமிழைத் தாய்மொழியாகப் பதிவு செய்தவர்கள் சுமார் 5 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதியினர் தாராவி, மாட்டுங்கா, சயான், செம்பூர் முதலான மும்பைப் பகுதிகளிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்கின்றனர்.

நகரம் ஒன்றாக இருந்தாலும் அதன் ஊடகம் ஒன்றல்ல. பங்குச் சந்தையை நம்பி வாழும் குஜராத்தி வாசகருக்கு ஒரு மும்பை, பரேல் மில் தொழிலாளியின் மகனான மராத்தி வாசகருக்கு இன்னொரு மும்பை, தாராவி 90 அடிச் சாலையில் தேநீர்க் கடையில் தமிழ் நாளிதழ் விரிப்பவருக்கு வேறொரு மும்பை. தமிழர்கள் இந்த ஊடக உலகில் மூன்று விதமாக இடம்பெற்றார்கள்: ஏடுகளை நடத்தியவர்களாக, ஏடுகளில் எழுதப்பட்டவர்களாக, தங்களுக்கென ஓர் ஏட்டைத் தேடிய வாசகர்களாக. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் நகரத்தின் ஊடக வரலாறு முழுமையாகும்.

1. தொடக்கம்: வணிகமும் சீர்திருத்தமும்

பம்பாயின் முதல் ஏடுகள் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆங்கிலேயருக்காக வந்தவை. 1789இல் ‘பம்பாய் ஹெரால்டு’, அடுத்த ஆண்டு ‘பம்பாய் கூரியர்’ ஆகியவை தொடங்கின. கப்பல் வருகை, ஏல அறிவிப்பு, அரசாணை ஆகியவையே அவற்றின் பக்கங்களை நிரப்பின. 

இந்திய மொழி இதழியல் இங்கே பார்சிகளின் கையில் பிறந்தது. 1822 ஜூலை 1 அன்று ஃபர்துன்ஜி மர்ஸ்பான் ‘மும்பை சமாச்சார்’ ஏட்டைக் குஜராத்தியில் தொடங்கினார். வார இதழாகத் தொடங்கி 1855இல் நாளிதழான அது, 200 ஆண்டுகளைக் கடந்து இன்றும் வெளிவருகிறது. இந்தியாவில் இடையறாமல் வெளிவரும் மிகப் பழைய ஏடு இதுவே. பருத்தி விலையும் கப்பல் செய்தியும் தேவைப்பட்ட வணிகச் சமூகம் ஏட்டுக்குச் சந்தாவும் விளம்பரமும் தந்தது. அந்த அடித்தளம்தான் இவ்வளவு நீண்ட ஆயுளுக்குக் காரணம்.

மராத்தி இதழியல் வேறு வழியில் வந்தது. பால்சாஸ்திரி ஜாம்பேகர் 1832 ஜனவரி 6 அன்று மராத்தியிலும் ஆங்கிலத்திலுமாக ‘தர்பண்’ இதழைக் கொண்டுவந்தார். கல்வியும் சமூகச் சீர்திருத்தமும் அதன் நோக்கம். மகாராஷ்டிரத்தில் ஜனவரி 6 இன்றும் பத்திரிகையாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1838 நவம்பர் 3 அன்று தொடங்கிய ‘பம்பாய் டைம்ஸ்’, 1861இல் ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’ ஆனது. தாதாபாய் நௌரோஜி 1851இல் குஜராத்தியில் ‘ராஸ்த் கோஃப்தார்’ இதழைத் தொடங்கிப் பார்சி சமூகத்துக்குள் சீர்திருத்தம் பேசினார்.

ஆக, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் நகரத்தின் அடிப்படை அமைப்பு நிலைபெற்றுவிட்டது. ஒவ்வொரு மொழிச் சமூகமும் தன் ஏட்டைத் தானே உண்டாக்கிக்கொண்டது. தன் பணத்தில் நடத்தியது. தன் கவலைகளை அதில் எழுதியது.

2. இடம் மறுக்கப்பட்டவர்களின் ஏடு

ஏடு நடத்தப் பணமும் படிப்பும் இல்லாத சமூகங்களுக்கு அந்த அமைப்பில் இடமில்லை. அதை உடைத்தவர் அம்பேத்கர். 1920 ஜனவரி 31 அன்று பம்பாயிலிருந்து ‘மூக்நாயக்’ என்ற மராத்தி இதழைத் தொடங்கினார். குரலற்றவர்களின் தலைவன் என்பது அந்தப் பெயரின் பொருள். தொடர்ந்து 1927இல் ‘பஹிஷ்கிருத் பாரத்’, 1930இல் ‘ஜனதா’, 1956இல் ‘பிரபுத்த பாரத்’ ஆகியவை வந்தன. இருக்கும் ஏடுகள் ஒதுக்கப்பட்ட மக்களின் நலனைப் பேசவில்லை, ஆகவே தனி ஏடு வேண்டும் என்பதே இவை அனைத்துக்கும் அடிப்படை.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடிகள் இருந்தனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் சென்னையில் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அதே காலத்தில் நெல்லைப் பகுதியிலிருந்து பம்பாய்க்குப் பெயர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் வேலை செய்து குடியேறிக்கொண்டிருந்தனர். ஆதிதிராவிடர், நாடார், தமிழ் முஸ்லிம்கள் எனப் பல சமூகத்தவர் அவர்களில் இருந்தனர். சென்னையின் ஒடுக்கப்பட்டோர் இதழியலும் பம்பாயின் ஒடுக்கப்பட்டோர் இதழியலும் எழுப்பிய கேள்வி தாராவித் தமிழருக்கு அன்றாட வாழ்க்கையாக இருந்தது. நம்மைப் பற்றி யார் எழுதுகிறார்கள், நமக்காக யார் எழுதுகிறார்கள் என்பதே அந்தக் கேள்வி. அது இன்றும் தீரவில்லை.

3. சதானந்தும் ‘ஃப்ரீ பிரஸ்’ பள்ளியும்

பம்பாயின் ஆங்கில இதழியலில் தமிழரின் முத்திரை ஆழமானது. அதன் முதல் பெயர் எஸ். சதானந்த். 1900இல் பிறந்த அவர், ஆங்கிலேயர் கட்டுப்பாட்டிலிருந்த ராய்ட்டர்ஸ், அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியா ஆகிய நிறுவனங்களின் செய்திகளையே இந்திய ஏடுகள் நம்பியிருந்த நிலையை மாற்ற விரும்பினார். ‘ஃப்ரீ பிரஸ் ஆஃப் இந்தியா’ என்ற இந்தியச் செய்தி நிறுவனத்தை 1920களின் பிற்பகுதியில் நடத்தினார். அந்தச் செய்திகளை வெளியிட மற்ற ஏடுகள் தயங்கியபோது, பம்பாயில் ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ நாளிதழைத் தானே தொடங்கினார். அந்த ஏடு அரசின் அச்சகச் சட்டங்களுக்கு இலக்காகி, கட்டிய ஜாமீன் தொகைகளைப் பறிகொடுத்தது. மராத்தியில் ‘நவசக்தி’ நாளிதழும் அவருடைய நிறுவனத்திலிருந்தே வந்தது.

சதானந்தின் முயற்சி பம்பாயோடு நிற்கவில்லை. பி. வரதராஜுலு நாயுடு 1932இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஏட்டைச் சதானந்த் வாங்கினார். 1934 செப்டம்பர் 11 அன்று, பாரதியின் நினைவுநாளில், அவருடைய நிறுவனம் ‘தினமணி’ நாளிதழைத் தொடங்கியது, டி. எஸ். சொக்கலிங்கம் ஆசிரியரானார். பின்னர் இரண்டும் ராம்நாத் கோயங்காவின் கைக்கு மாறின. தமிழ்நாட்டின் பெருமைக்குரிய ஒரு நாளிதழின் பிறப்புக்குப் பின்னால் பம்பாயின் ஃப்ரீ பிரஸ் உழைப்பு இருக்கிறது என்பதைத் தமிழ் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும்.

‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ அலுவலகம் இளம் பத்திரிகையாளர்களுக்குப் பயிற்சிப் பள்ளியாக விளங்கியது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஆர். கே. லட்சுமண் அங்கே கேலிச்சித்திரக்காரராகப் பணியாற்றிய பின்பே ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் சேர்ந்தார். கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் அணிந்து, எதையும் பேசாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய ‘சாமானியன்’ அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த ஏட்டின் முதல் பக்கத்தில் நின்றான். அதே ‘ஃப்ரீ பிரஸ் ஜர்னல்’ அலுவலகத்தில் லட்சுமணோடு பணியாற்றிய இன்னொரு கேலிச்சித்திரக்காரர் பால் தாக்கரே. அவருடைய தூரிகை வேறு திசையில் போனது.

4. மராத்தி ஏடுகளும் ‘மதறாசி’யும்

விடுதலைக்குப் பின் நகரம் யாருக்கு என்ற கேள்வி எழுந்தபோது மராத்தி ஏடுகள் அதன் மையத்தில் நின்றன. பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மராத்தி மாநிலம் கேட்ட இயக்கத்துக்கு ஆச்சார்ய அத்ரே 1956இல் தொடங்கிய ‘மராட்டா’ நாளிதழ் குரலாக இருந்தது. 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது. ‘லோக்சத்தா’ 1948இலும், ‘மகாராஷ்டிரா டைம்ஸ்’ 1962இலும் தொடங்கி நகரத்தின் மராத்தி நடுத்தர வர்க்கத்தின் ஏடுகளாயின.

1960இல் பால் தாக்கரே ‘மார்மிக்’ என்ற கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். நிறுவனங்களிலும் அரசு அலுவலகங்களிலும் பதவியில் இருந்த மராத்தியரல்லாதவர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அதில் வெளியிட்டார். தென்னிந்தியப் பெயர்கள் அவற்றில் நிறைய இருந்தன. வேலைக்கான ஏக்கத்தில் இருந்த மராத்தி இளைஞர்களுக்கு அந்தப் பட்டியல்கள் எதிரியை அடையாளம் காட்டின. அந்த இதழின் வாசகர்களிடமிருந்தே 1966 ஜூன் 19 அன்று சிவசேனா உருவானது. அடுத்த ஆண்டுகளில் உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. லுங்கி கட்டியவர்களைக் கேலி செய்யும் முழக்கங்கள் தெருவில் எழுந்தன. தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு தஞ்சையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்து மாட்டுங்காவில் குடியிருந்த குமாஸ்தாவும், தாராவியின் தோல் தொழிலாளியும் ‘மதறாசி’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டனர்.

மராத்தி இளைஞரின் வேலையின்மை உண்மையான துன்பம். அதன் வேர் தொழில் அமைப்பிலும் கல்வியிலும் இருந்தது. அதைச் சுட்டுவதற்குப் பதிலாகப் பெயர்ப்பட்டியலை அச்சிட்டதுதான் தவறு. எழுத்து தெருவன்முறைக்கு எப்படி வழிகோலும் என்பதற்கு நகரம் இன்னொரு சான்றையும் பின்னர் கண்டது. 1988இல் தொடங்கிய ‘சாம்னா’ நாளிதழின் எழுத்துகள் 1992-93 கலவரத்தின்போது மத உணர்வைத் தூண்டியதாக, 1998இல் அறிக்கை அளித்த நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் குறிப்பிட்டது. ‘நவாகாள்’ ஏட்டின் எழுத்துகளையும் அது சேர்த்தே குறிப்பிட்டது. அந்தக் கலவரத்தில் தாராவியும் எரிந்தது.

5. தமிழ் ஏடு: ரயிலில் வந்ததும் ஊரிலே அச்சானதும்

மும்பைத் தமிழருக்குத் தமிழ் அச்சு நெடுங்காலம் ரயிலில்தான் வந்தது. ‘ஆனந்த விகடன்’, ‘குமுதம்’, ‘கல்கி’ முதலிய வார இதழ்கள் சென்னையிலிருந்து மெயில் வண்டியில் தாதருக்கு வந்து, மாட்டுங்கா ரயில் நிலையத்தை ஒட்டிய கடைகளிலும் செம்பூர்க் கடைகளிலும் தொங்கின. தொடர்கதையின் அடுத்த வாரம் ஊரில் ஒரு நாள் வந்தால் பம்பாயில் இன்னொரு நாள் வரும். நாளிதழ் என்றால் நேற்றைய செய்தி. ஊர்ப் பாசத்துக்கு அது போதும்; நகர வாழ்க்கைக்குப் போதாது.

அந்தக் குறையை நிரப்ப மும்பையிலேயே தமிழ் ஏடுகள் தோன்றின. ‘மராத்திய முரசு’, ‘போல்டு இந்தியா’ போன்ற நாளிதழ்கள் நகரத்துத் தமிழரால் நகரத்துத் தமிழருக்காக நடத்தப்பட்டன. ‘தமிழ் இலெமுரியா’ போன்ற மாத இதழ்கள் மொழி, வரலாறு, சமூக விவாதத்துக்கு இடமளித்தன. பின்னர் தமிழ்நாட்டின் பெரிய நிறுவனங்களும் மும்பைக்கு வந்தன. ‘தினத்தந்தி’யும் ‘தினகரனும்’ மும்பைப் பதிப்புகளைக் கொண்டுவந்தன. அதிகாலையில் தாதர் போன்ற இடங்களில் நடைபாதையில் உட்கார்ந்து மொழிவாரியாக ஏடுகளைப் பிரித்துக் கட்டும் முகவர்களின் அடுக்கில் தமிழ்க் கட்டும் ஒன்றாயிற்று.

மும்பைப் பதிப்பு ஏன் தேவை என்பதை ஒரு சிறு செய்தி விளக்கும். ஞாயிற்றுக்கிழமை ‘மெகா பிளாக்’ என்பது மும்பைக்கே உரிய அறிவிப்பு. தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் சில வழித்தடங்களில் லோக்கல் ரயில்கள் ஓடாது அல்லது வேறு தடத்தில் திருப்பிவிடப்படும். செம்பூரிலிருந்து துறைமுக வழித்தடத்தில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போக வேண்டியவருக்கு அன்றைய முதல் செய்தி அதுதான். சென்னையில் அச்சாகும் ஏடு அதைத் தராது. குடிநீர் வெட்டு, மாநகராட்சித் தேர்தல், தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்பு, கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் விடப்படும் சிறப்பு ரயில்கள், அம்மன் கோயில் கொடை, தமிழ்ச் சங்க விழா, காலமானவர் அறிவிப்பு ஆகியவை ஒரே பக்கத்தில் சேரும்போது வாசகர் இரண்டு ஊர்களுக்கும் உரியவராகிறார். மராத்தி அல்லது ஆங்கில ஏட்டில் தாராவி பெரும்பாலும் ஒரு பிரச்சினையின் பெயர். தமிழ் ஏட்டின் உள்ளூர்ப் பக்கத்தில் அது மக்கள் வாழும் ஊர்.

6. வானொலி, தொலைக்காட்சி, திரை

ஒலிபரப்பிலும் மும்பைக்கே முதலிடம். 1927 ஜூலை 23 அன்று இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனியின் பம்பாய் நிலையம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அந்த நாள் ஒலிபரப்பு நாளாக நினைவுகூரப்படுகிறது. 1942இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இடம் மாற்றி மாற்றி ரகசியக் காங்கிரஸ் வானொலியை நடத்தினர். நவம்பரில் காவல்துறை அவர்களைப் பிடித்தது. அச்சகங்களுக்குத் தணிக்கை இருந்த நாட்களில் அந்தச் சில மாத ஒலிபரப்பு ஆற்றிய பணி பெரிது.

1972 அக்டோபர் 2 அன்று மும்பைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. மராத்தி, இந்தி, குஜராத்தி நிகழ்ச்சிகளே அதன் பெரும்பகுதி. 1980களில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் தூர்தர்ஷன் காட்டிய மாநில மொழிப் படங்களில் தமிழ்ப் படம் வரும் முறை வந்தால், தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீட்டில் அக்கம்பக்கத்தார் கூடுவது வழக்கம். 1992 அக்டோபரில் மும்பையிலிருந்து ஜீ தொலைக்காட்சி தொடங்கியது. 1993 ஏப்ரல் 14 அன்று சென்னையில் சன் தொலைக்காட்சி தொடங்கியபின் கேபிள் இணைப்பு தாராவிக் குடியிருப்புகளுக்குள் தமிழை நாள் முழுவதும் கொண்டுவந்தது. ஆனால் அது முற்றிலும் தமிழ்நாட்டின் தமிழ். மும்பைத் தமிழரின் தண்ணீர்ப் பிரச்சினை எந்தத் தமிழ்த் தொலைக்காட்சிக்கும் அன்றாடச் செய்தி ஆகவில்லை. தொலைக்காட்சி மொழியைக் காப்பாற்றியது. உள்ளூர்ச் செய்தியைத் தரவில்லை.

திரையரங்கம் தனி வரலாறு. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் உள்ள அரோரா திரையரங்கம் தமிழ்ப் படங்களுக்குப் பெயர் பெற்றது. ரஜினிகாந்த் படம் வெளியாகும் நாளில் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ரசிகர்கள் விடியும் முன்பே கூடி, மேளம் அடித்துக் கட்அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்வது நகரத்தின் பிற மொழி ஏடுகளிலும் படத்தோடு செய்தியாகும். திரையே தாராவியைப் பேசியதும் உண்டு. ‘நாயகன்’ (1987) பம்பாய்த் தமிழரின் கதையை எடுத்துக்கொண்டது. பா. ரஞ்சித் இயக்கிய ‘காலா’ (2018) தாராவியின் நில உரிமையை மையமாக்கியது. அதன் பாடல்களில் தாராவி இளைஞர்களின் டோப்அடெலிக்ஸ் ராப் குழுவினர் பாடினர். தங்களைப் பற்றிய படத்தில் தாராவி இளைஞர்களின் குரலே ஒலித்தது பெரிய மாற்றம்.

7. ஏடு வாங்கும் பழக்கத்தின் தளர்வு

மும்பையின் ஏட்டுப் பழக்கம் லோக்கல் ரயிலோடு பின்னியது. நெரிசலில் நின்றபடி ஏட்டை நீளவாக்கில் நான்காக மடித்து ஒரு பத்தியாகப் படிப்பது இங்குள்ளோரின் கைப்பழக்கம். 1979இல் தொடங்கிய ‘மிட்-டே’ வீடு திரும்பும் பயணிகளை நம்பியே வளர்ந்தது. 2005இல் ‘டி.என்.ஏ.’, ‘மும்பை மிரர்’, ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ மும்பைப் பதிப்பு ஆகியவை ஒரே ஆண்டில் களமிறங்கின. ‘டி.என்.ஏ.’ 2019 அக்டோபரில் மும்பையில் அச்சை நிறுத்தியது. கொரோனா காலம் மிச்சத்தையும் தாக்கியது. 2020 மார்ச் இறுதியில் விநியோகத் தொழிலாளர்கள் வேலை செய்ய முடியாமல் நகரத்தின் நாளிதழ்கள் சில நாட்கள் அச்சாகவே இல்லை. ஏப்ரலில் வீடுவீடாக ஏடு போடுவதற்குத் தடை வந்தது. லோக்கல் ரயில்கள் பொதுப் பயணிகளுக்கு 2021 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தன. ‘மும்பை மிரர்’ 2020 டிசம்பரில் நாளிதழாக வருவதை நிறுத்தியது.

அந்த மாதங்களில் தாராவி உலகச் செய்தியானது. 2020 ஏப்ரல் 1 அன்று அங்கே முதல் தொற்று உறுதியானது; ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர், நோயைக் கட்டுப்படுத்திய எடுத்துக்காட்டாகத் தாராவியைச் சொன்னார். அதற்கு இடைப்பட்ட நாட்களில் அங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குச் செய்தி பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே வந்தது. வாட்ஸ்அப் குழுவில் வந்த குரல் பதிவுகள் பயன் தந்தன. அவற்றோடு வதந்தியும் வந்தது. சரிபார்த்துத் தரும் ஆசிரியர் குழு இல்லாத இடத்தில் எந்தச் சமூகமும் வதந்திக்கு எளிதில் பலியாகும்.

8. தமிழ் வாசகர் எங்கிருந்து வருவார்

தமிழ் ஏட்டின் எதிர்காலம் காகித விலையை மட்டும் பொறுத்ததல்ல; பள்ளியைப் பொறுத்தது. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, கன்னடம், தெலுங்கு ஆகியவற்றோடு தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்தி வந்திருக்கிறது. தாராவியிலும் சயானிலும் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த தலைமுறையை அந்தப் பள்ளிகளே உருவாக்கின. பெற்றோர் ஆங்கில வழிக் கல்வியை நாடுவதால் அந்த வகுப்பறைகள் சுருங்கிவருகின்றன. வீட்டில் தமிழ் பேசி, தெருவில் இந்தி பேசி, பள்ளியில் ஆங்கிலம் எழுதும் குழந்தைக்குத் தமிழ் எழுத்து தெரியாமல் போனால், 20 ஆண்டுகளில் தமிழ் ஏட்டுக்கு வாசகர் இருக்கமாட்டார். சங்கங்களும் கோயில் அமைப்புகளும் மாலை நேரத் தமிழ் வகுப்புகளை நடத்துவது பண்பாட்டுப் பணி மட்டுமல்ல. அது ஒரு ஊடகத்தின் அடித்தளத்தைக் கட்டும் பணி.

நினைவைப் பாதுகாப்பதும் அந்தப் பணியின் ஒரு பகுதி. எழுத்தாளர் அம்பை மும்பையில் 1988இல் நிறுவிய ஸ்பாரோ ஆவணக் காப்பகம் பெண்களின் வாழ்க்கையை நேர்காணல், ஒளிப்படம், ஒலிப்பதிவு எனச் சேகரித்துவருகிறது. மும்பையில் வெளிவந்து நின்றுபோன தமிழ் ஏடுகளின் பழைய பிரதிகளுக்கும் அத்தகைய பாதுகாப்புத் தேவை. தாராவி 13ஆம் காம்பவுண்டின் மறுசுழற்சிக் கூடங்களில் நகரத்தின் பழைய காகிதம் எடை போட்டுக் கூழாக்கப்படுவதற்குச் செல்கிறது. மும்பைத் தமிழரின் அரை நூற்றாண்டு அன்றாட வரலாறும் அந்தக் கட்டுகளில் கலந்திருக்கக்கூடும். சங்க நூலகங்களும் தனியார் வீடுகளும் வைத்திருக்கும் தொகுப்புகளை மின்னாக்கம் செய்வது இன்றே தொடங்க வேண்டிய வேலை.

மும்பையின் ஊடக வரலாறு ஓர் உண்மையைத் தொடர்ந்து காட்டுகிறது. குஜராத்தியர், பார்சிகள், மராத்தியர், ஒடுக்கப்பட்டோர் என எந்தச் சமூகமும் தன் ஏட்டைத் தானே உருவாக்கியபோதுதான் நகரத்தில் தன் குரலைப் பெற்றது. தமிழர்கள் பிற மொழி ஏடுகளை வளர்த்தார்கள். சில காலம் பிறர் ஏடுகளில் குற்றவாளிகளாகவும் நிறுத்தப்பட்டார்கள். தாராவியின் நிலம், குடிநீர், வேலை, பள்ளி ஆகியவற்றை நகரவாசியின் கண்ணோடு தமிழில் எழுதும் ஊடகம், அச்சிலோ கைப்பேசித் திரையிலோ, நிலைத்து நிற்க வேண்டும். அதற்கு இரண்டு தேவைகள் உண்டு: நகரச் செய்தியைச் சரிபார்த்து எழுதும் செய்தியாளரும், தமிழ் படிக்கக் கற்ற குழந்தையும். இரண்டையும் உருவாக்கும் பொறுப்பு மும்பைத் தமிழ்ச் சமூகத்தின் நிறுவனங்களைச் சார்ந்தது.